ஸ்பிரிங் கம்பெனிப் பங்குகளும் ஒரு கையெழுத்தும்

ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையம் கிடையாது. இதை முதலில் சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. 1991 மே மாதம் எங்கள் ஊரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்கப்புறம் வாரக்கணக்கில் பத்திரிகைக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். எங்கள் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்று, பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றபடி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். சில நாள் கழித்து கேன்டீனுக்கு வந்த ஒரு பத்திரிகையில், ஸ்ரீபெரும்புதூர் ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதியதாகப் போட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டைச் சொல்கிறாரோ என்று இன்னொரு தடவை படித்தேன். இல்லை. பிளாட்பாரத்தைக்கூட வர்ணித்திருந்தார்.

பக்கத்தைத் திருப்பினேன். அதே பத்திரிகையில் பங்குச்சந்தை நிலவரம். எது ஏறும், எது இறங்கும், எதை உடனே வாங்கிப் போட வேண்டும் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். நேரில் வந்து பார்த்துவிட்டுப் போன ஊருக்கே இல்லாத ரயில் நிலையத்தைக் கட்டிக் கொடுக்கிறவர்கள், யாருமே பார்க்காத நாளைய விலையைப் பற்றி என்னென்ன கட்டுவார்கள் என்று யோசித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

நான் அப்போது டிரங்க் ரோட்டில் போல்ட்டும் நட்டும் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு எத்தனை மணி நேரம் ஓ.டி. என்று பார்ப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் அங்கேயே, இரும்பை அழுத்தி அடிக்கிற பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். படப்பையில் மனை வாங்கி, இரண்டு அறை கட்டி, வெளிப்பூச்சு பூசாமலே குடிபுகுந்திருந்தோம். ஒரே மகள். அந்த வருஷம்தான் பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேர்ந்து, ஹாஸ்டலில் இருந்தாள். காலையில் நாங்கள் இரண்டு பேரும் கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் வழியாகப் போவோம். நான் முன்வரிசையில் பெண்களோடு, அவர் கடைசி சீட்டில் அரட்டையோடு.

பங்குக் கதைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூரில், லாரிக்கு ஸ்பிரிங் பட்டை செய்கிற கம்பெனியில் இரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்தக் கம்பெனி பங்கு வெளியிட்டபோது வேலை பார்க்கிறவர்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கினார்கள். என்ன ஏது என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. வாங்கின சிலரும் அடுத்த தீபாவளிக்குள் விற்றுவிட்டார்கள். நான் என் போனஸ் மொத்தத்தையும் அதில் போட்டேன். அப்புறம் வேலையை விட்டேன், கல்யாணமானது, மகள் பிறந்தாள், ஊர் மாறினோம். பங்கு மட்டும் விற்காமல் கூடவே வந்தது. வருஷா வருஷம் ஜூன் கடைசியில் மெல்லிசான பழுப்பு உறையில் டிவிடெண்ட் வாரன்ட் வரும். கம்பெனி லாபத்தில் என் பங்கு. பார்க்க செக் மாதிரி இருக்கும். பாங்கில் போட்டால் பணம்.

முதல் வருஷம் வந்த தொகைக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். நடுவில் இரண்டு தடவை கம்பெனி இலவசமாகப் போனஸ் பங்கு கொடுத்து, 91-ல் அது மகளுடைய ஒரு வருஷப் படிப்புச் செலவாக வளர்ந்திருந்தது. என் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போயிற்று. அவர் சம்பளம் சாப்பாட்டுக்கும் அவருடைய அம்மாவுக்கும் போயிற்று. மகள் பத்தாவது முடித்ததும், "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு ஹாஸ்டல் படிப்பு, துணி தைக்கிற கம்பெனிக்கு அனுப்பு" என்று அவர் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். "யாரும் ஒரு பைசா தர வேணாம், நான் கட்டிக்கிறேன்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு வாய் கொடுத்ததே அந்தப் பழுப்பு உறைதான். அதை விற்றால் மகள் படிப்பு நின்றுவிடும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பங்கு பார்ப்பதற்கு எனக்குப் பத்திரிகை வேண்டாம். கம்பெனி பஸ் ஜன்னல் போதும். ஒரகடம் பக்கமிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு வருகிற லாரிகளைப் பாருங்கள். ஏற்றக்கூடியதைப் போல இரண்டு மடங்கு ஏற்றியிருப்பான். ரோட்டில் பள்ளம் எது, ரோடு எது என்று டிரைவருக்கே தெரியாது. வாரத்துக்கு இரண்டு லாரியாவது ஸ்பிரிங் பட்டை உடைந்து ஓரத்தில் சாய்ந்து நிற்கும். டிரைவர் கையை விரித்துக்கொண்டு நிற்பார். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் பட்டை ஒன்று விற்கப்போகிறது என்பதும் மனதில் ஓடும். நம் ரோடு போடுகிற லட்சணம் மாறாதவரை என் டிவிடெண்டுக்கு ஆபத்தில்லை என்று நான் சொல்வது என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. வெளியே சொல்லாதே, அசிங்கம் என்பார்.

சாயங்காலம் ரேடியோவில் சந்தை நிலவரம் சொல்வார்கள். இன்று சந்தையில் உற்சாகம். மறுநாள் சந்தையில் சோர்வு. அதற்கடுத்த நாள் கலக்கம். எங்கள் பிரஸ் ஷாப்பில் யாருக்காவது இப்படித் தினமும் மாறி மாறி வந்தால் ஃபேக்டரி டாக்டரிடம் அனுப்பியிருப்போம். லாபம் இவ்வளவு என்று எந்தக் கம்பெனியும் பேப்பரில் எழுதிக் காட்டலாம். டிவிடெண்ட் என்பது கையில் எடுத்துக் கொடுப்பது. எழுதுவதில் கூட்டிக் குறைத்துச் சொல்ல இடமுண்டு, கொடுப்பதில் கிடையாது. பதினேழு வருஷத்தில் ஸ்பிரிங் கம்பெனி ஒரு வருஷம்கூடக் கொடுக்காமல் விட்டதில்லை. ஸ்டிரைக் நடந்த வருஷத்தில் குறைத்துக் கொடுத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். எனக்கு அந்த ஒன்று போதும்.

என் கொழுந்தன் மெட்ராஸில் ஒரு தனியார் ஆபீஸில் இருந்தார். 91 கடைசியில் அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். முன்னெல்லாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வருவார். இப்போது கக்கத்தில் ஒரு கத்தைப் பத்திரிகையும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக வந்தார். கம்ப்யூட்டர் செய்யப்போகிற கம்பெனி ஒன்று பங்கு வெளியிட்டிருக்கிறது, பத்து ரூபாய்ப் பங்கு ஆறு மாதத்தில் நூறு ரூபாய் ஆகும் என்றார்.

"இன்னா அண்ணி, இன்னும் அந்த இரும்புக் கம்பெனியவே கட்டிகினு கீறீங்க? ஒலகமே கம்ப்யூட்டரா மாறிகினு கீது. உங்க ஸ்பிரிங்குக்கும் இப்போ நல்ல ரேட்டு. வித்துட்டு இதுல போடுங்க."

"டிவிடெண்ட் எவ்ளோ குடுக்குறாங்க தம்பி?"

"இப்பதான் கம்பெனியே ஸ்டார்ட் பண்றாங்க அண்ணி. டிவிடெண்ட் எல்லாம் கெழவங்க கேக்குறது."

"சரி, நான் கெழவின்னே வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு தோசை ஊற்றினேன். கோபம் வேறு, தோசை வேறு.

நான் கம்ப்யூட்டருக்கு எதிரி என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது சுத்தப் பொய். அந்த வருஷம்தான் எங்கள் டைம் ஆபீஸுக்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, ஏ.சி., கண்ணாடிக் கதவு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். தூசி படும் என்று பொரியை மட்டும் தள்ளி வைத்தார்கள். டைம் ஆபீஸில் அதை முதலில் கற்றுக்கொண்டவள் நான். முதல் மாதம் அது பாதிப் பேருக்கு ஓ.டி. போடாமல் விட்டது, பிரஸ் ஷாப்பே என் ஜன்னலில் வந்து நின்றது. நான் பழைய ரிஜிஸ்டரைக் கையோடு வைத்திருந்ததால் தப்பித்தோம். மூன்றாம் மாதம் அது என்னைவிடச் சரியாகப் போட்டது. நல்ல மெஷின்தான். நல்ல மெஷினுக்காக, அதைச் செய்யப்போகிறேன் என்று சொல்கிற எவனுக்கும் நான் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டமில்லையே.

மகள் லீவில் வந்தபோது அவளும் கேட்டாள். "கம்ப்யூட்டர் ஷேர் வேணான்ற, என்னை மட்டும் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வெக்கிற. இன்னாம்மா இது?"

"படிப்பு உன் கையில இருக்கும். ஷேர் வெல எவன் கையிலயோ இருக்கும்" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை, வாயில் வந்தது. ஆனாலும் இன்றுவரை அதை மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

கொழுந்தன் கொடுத்த விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் கம்பெனியின் தொழிற்சாலை ஒரகடம் அருகே அமைகிறது என்று போட்டிருந்தது. நான் தினமும் போகிற வழி! பஸ் ஜன்னலில் அந்தப் பெயர்ப்பலகையை அப்புறம்தான் கவனித்தேன். ஒரு சனிக்கிழமை வீடு திரும்பும்போது டிரைவரிடம் சொல்லி அங்கே இறங்கிக்கொண்டேன். ரோட்டோரம் பெரிய பலகை. அதில் நீலக் கண்ணாடி வைத்த மூன்று மாடிக் கட்டடத்தின் படம். அதற்குப் பின்னால் இடுப்பளவு காம்பவுண்ட் சுவர் ஒரு பக்கம் மட்டும். உள்ளே முள்ளு மரம், நாலைந்து ஆடு, ஒரு ஓலைக் கொட்டகை. கொட்டகையிலிருந்து வாட்ச்மேன் ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னா மா, மன பாக்க வந்தியா?"

"இல்லண்ணே. கம்ப்யூட்டர் கம்பெனி இதானா?"

"போர்டு கீது. கம்பெனி இனிமேதான்."

"எப்போ கட்டுவாங்களாம்?"

"அது எனக்கே தெரியாது மா. மூணு மாசமா சம்பளமே வர்ல. ஆடு என்துதான்" என்றார்.

மூன்று மாதமாக வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்காத கம்பெனி எனக்கு டிவிடெண்ட் கொடுக்குமா? அடுத்த பஸ்ஸுக்கு நிற்காமல் பாதி தூரம் நடந்தே வந்தேன். அவ்வளவு தெளிவாக இருந்தது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஃபேக்டரிய பாத்து ஷேர் வாங்குற காலம்லாம் போச்சு அண்ணி" என்றார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு வலித்தது.

எனக்கு எதிராகப் பேசக்கூடிய உண்மை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் எல்லாமே ஏறியது. ஸ்பிரிங் பங்கும் நான் கனவிலும் பார்க்காத விலைக்கு ஏறியது. அன்று விற்று பாங்கில் டெபாசிட் போட்டிருந்தால் எனக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் விற்றதும் பணம் பாங்குக்குப் போயிருக்காது. அந்த ஆடு மேய்கிற மனைக்குத்தான் போயிருக்கும். "விக்க மாட்டேன்" என்றேன். ஒரு மாதம் கொழுந்தனும் என் வீட்டுக்காரரும் மாறி மாறிக் கேட்டார்கள், நான் மாறாமல் சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் திடீரென்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். டைம் ஆபீஸில் உட்கார்ந்து ஐந்நூறு பேரின் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்கிறவளுக்கு வீட்டுக்குள் கண் தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரலுக்கப்புறம் சந்தை சரிய ஆரம்பித்தது. உற்சாகம், சோர்வு என்று சொல்லிக்கொண்டிருந்த ரேடியோவுக்கே வார்த்தை தீர்ந்துபோன மாதிரி இருந்தது. மே மாதம், நான் லீவு போட்டிருந்த ஒரு நாளில், ஸ்பிரிங் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. டிவிடெண்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று பிரித்தேன்.

நான் என் பங்குகள் அத்தனையையும் விற்றிருப்பதாகவும், வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு அனுப்பியிருப்பதாகவும், ஆனால் மாற்றுப் படிவத்தில் உள்ள கையெழுத்து தங்களிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றும், அது என்னுடையதுதானா என்று தெரிவிக்கும்படியும் எழுதியிருந்தார்கள். படிவத்தின் நகல் ஒன்றும் கூடவே இருந்தது.

பீரோவைத் திறந்தேன். இன்ஷூரன்ஸ் பத்திரங்களுக்குக் கீழே, நான் பங்குப் பத்திரங்களைப் போட்டு வைத்திருந்த கவர் அப்படியே இருந்தது. உள்ளே இருந்தது மடித்து வைத்த செய்தித்தாள்.

அப்புறம் நகலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். என் கையெழுத்தை அவ்வளவு அழகாகப் போட்டிருந்தார். என் பெயரின் கடைசி எழுத்திலிருந்து நான் கீழே இழுக்கிற வாலைக்கூட விடவில்லை. பல நாள் பழகியிருக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் வேறு. பெயருக்கு முன்னால் தன்னுடைய இனிஷியலைப் போட்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

கல்யாணமானால் அப்பா இனிஷியல் போய் வீட்டுக்காரர் இனிஷியல் வரும். நம் ஊர் வழக்கம். ரேஷன் கார்டில் மாற்றினேன், வேலையில் மாற்றினேன், மகளின் பள்ளிக்கூடப் படிவங்களில் எல்லாம் அவர் இனிஷியலோடுதான் கையெழுத்துப் போட்டேன். அவர் பார்த்துப் பழகியது அதைத்தான். பங்கிலும் பாங்குக் கணக்கிலும் மட்டும் மாற்றவில்லை. பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகையை இணைத்து, வக்கீலிடம் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். முதலில் சோம்பேறித்தனம். அப்புறம், அது நான் சம்பாதித்தது, அப்படியே இருக்கட்டும் என்ற பிடிவாதம். பதினேழு வருஷமாக அந்தப் பழுப்பு உறை என் அப்பா இனிஷியலோடுதான் வீட்டுக்கு வந்தது. ஒரு தடவைகூட அவர் உறையின் மேலே இருந்த பெயரைப் படித்ததில்லை. எவ்வளவு வந்திருக்கிறது என்று மட்டும் கேட்பார். கையெழுத்தை அவர் வெற்றுப் படிவத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மற்றதைப் புரோக்கர் ஆபீஸில் நிரப்பியிருக்கிறார்கள். அந்த அவசரத்தில் அங்கேயும் யாரும் ஒத்துப் பார்க்கவில்லை. வாங்கின ஆளும் என்னைப் போல டிவிடெண்டை நம்புகிறவர் போலிருக்கிறது. டிவிடெண்டுக்கு முன்னால் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள அனுப்பியிருக்கிறார். அவர் அனுப்பாமலிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அழவில்லை என்று எழுத ஆசைதான். அழுதேன். என்னோடு பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தினவருக்குத் தெரியாத என் கையெழுத்து, என் முகமே பார்க்காத எவரோ ஒரு கிளார்க்குக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்து நினைத்து அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு, அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை நகலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தவர் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"நல்லதுக்குத்தான் பண்ணேன். கேட்டா நீ ஒத்துக்க மாட்ட."

"ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சிதான் பண்ணீங்களா?"

"நம்ம வூட்டுப் பணம்தானே?"

"வூட்டுப் பணம்னா உங்க கையெழுத்த போட வேண்டிதுதானே. என் கையெழுத்து இன்னாத்துக்கு?"

அவர் அதே செருப்போடு வெளியே போய்விட்டார்.

மறுநாளே கொழுந்தன் ஓடி வந்தார். விற்ற பணம் முழுக்க கம்ப்யூட்டர் பங்கில் போய்விட்டது, அது இப்போது வாங்கின விலையில் கால்வாசிக்குக்கூடக் கேட்க ஆளில்லை. ஸ்பிரிங் பங்கு பெயர் மாறாவிட்டால் புரோக்கர் கழுத்தைப் பிடிப்பார். "அண்ணி, ஒரே ஒரு கையெழுத்து. உங்க அப்பா இனிஷியல் போட்டு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா எல்லாம் முடிஞ்சிடும்" என்றார். பேனாவையும் நீட்டினார். சட்டைப் பையில் இப்போது ஒரு பேனாதான் இருந்தது.

"போட மாட்டேன்."

"அப்ப அண்ணன ஜெயிலுக்கு அனுப்பப் போறீங்களா?"

அதற்கு நான் ஏற்கெனவே பதில் டைப் செய்து வைத்திருந்தேன். அன்று சாப்பாட்டு வேளையில், டைம் ஆபீஸ் டைப்ரைட்டரில், கம்பெனிக்கு ஒரு கடிதம். இது என் கையெழுத்து அல்ல, நான் யாருக்கும் விற்கவில்லை, என் பத்திரங்களைத் திருப்பி அனுப்பவும். மூன்றே வரி. உறையில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, டி.வி.க்கு மேலே வைத்தேன்.

"பதினஞ்சி நாள் டைம். அதே எண்ணிக்கை ஸ்பிரிங் ஷேர மார்க்கெட்ல வாங்கி, அந்த ஆளுக்குக் குடுத்துட்டு, என் பத்திரத்த பீரோவுல கொண்டாந்து வெச்சிடுங்க. இல்லாங்காட்டி இந்தக் கவர் தபால்ல போவும்."

அவருடைய அம்மா வந்து அழுதார். பக்கத்து வீட்டம்மா வந்து, புருஷன் பொண்டாட்டிக்குள்ள இதெல்லாம் சகஜம் என்றார். கேன்டீனில் யார் மூலமாகவோ விஷயம் பரவி, நான் வரும்போது பேச்சு நின்றது. கல்நெஞ்சக்காரி என்று ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று சத்தமாகத்தான் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு உள்ளே பயம் இருந்தது. பதினைந்து நாள் முடிந்தும் வராவிட்டால் அந்தக் கவரை நிஜமாகவே தபால்பெட்டியில் போடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் போட மாட்டேன் என்று மட்டும் யாருக்கும் தோன்றவிடவில்லை. தினமும் காலையில் டி.வி.யைத் துடைக்கும்போது கவரை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். அவர் பார்க்கும்படிதான்.

அவர் பி.எஃப். லோன் போட்டார். கொழுந்தன் தன் மோட்டார் சைக்கிளை விற்றார். ஸ்பிரிங் பங்கும் இறங்கியிருந்ததால் அவர்கள் விற்றதைவிடக் குறைந்த விலைக்கே திரும்ப வாங்க முடிந்தது; சந்தை சரிந்ததில் எங்கள் வீட்டுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது. பதிமூன்றாம் நாள் என் பத்திரங்கள் பீரோவுக்கு வந்தன. கவரை எடுத்து அவர் கண் முன்னாலேயே கிழித்தேன். ஸ்டாம்பை மட்டும் நனைத்து எடுத்து வைத்துக்கொண்டேன், வீணாக்குவானேன்.

அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒரு வருஷம்கூட டிவிடெண்ட் கொடுக்கவில்லை. பலகை மழையில் வெளுத்துச் சாய்ந்து, கடைசியில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிற்பாடு டிவிடெண்ட் கொடுக்கிற நல்ல கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. அவற்றை நானும் வாங்கினேன், அவர்கள் கொடுக்க ஆரம்பித்த பிறகு. ரொம்ப லேட் என்று சிரித்தார்கள். இப்போது டி.வி.யில் நாள் முழுக்க நாலு பேர் சட்டைக் காலரில் மைக்கை மாட்டிக்கொண்டு கத்துகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில் நிலையம்தான் ஞாபகம் வரும்.

92 ஜூன் கடைசியில் பழுப்பு உறை எப்போதும் போல வந்தது. பாங்கில் போட்டு, பணம் சேர்ந்த பிறகு, ஜூலையில் ஒரு சனிக்கிழமை எடுக்கப் போனேன். திங்கட்கிழமை மகளுக்குப் பீஸ் கட்டக் கடைசி நாள். மொபெட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் அவர். வேண்டாம் என்று பஸ்ஸில் போனேன். மே மாதத்திலிருந்து அவரோடு பேச்சு அவ்வளவுதான், வேண்டும், வேண்டாம்.

கவுன்டரில் புதிதாக வந்த கிளார்க். என் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், போன வாரம் உங்க ஃபேக்டரி லெட்டர் கொண்டாந்து குடுத்தப்ப அதுல வேற இனிஷியல் போட்டிருந்தீங்களே. இதுல தப்பா போட்டுட்டீங்க. வீட்டுக்காரர் இனிஷியல் போட்டு இன்னொரு ஃபாரம் எழுதிக் குடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தப்பு இல்லிங்க. அதான் அவங்க கையெழுத்து. கார்ட எடுத்துப் பாருங்க."

திரும்பினேன். மொபெட் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நீங்க யாரு சார்?" என்றார் கிளார்க்.

"வூட்டுக்காரன்" என்றார் அவர்.

கிளார்க் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, மன்னிச்சுக்குங்க மேடம் என்று டோக்கனைக் கொடுத்தார். என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அந்தக் கிளார்க்தான். என் வீட்டுக்காரர் சொன்னதில்லை. பாங்கில் சொன்ன அந்த ஒரு வரிதான் அவரால் சொல்ல முடிந்தது. நானும் மன்னித்தேன் என்று சொன்னதில்லை. ஆனால் திரும்பும்போது மொபெட்டில் ஏறிக்கொண்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் பாலிடெக்னிக்குக்குப் போய்ப் பீஸைக் கட்டினேன். இரண்டாம் வருஷத்துக்கான படிவத்தில் மகள் எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தாள். கீழே பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கோடு. அதுவரை எல்லா வருஷமும் அந்தக் கோட்டில் அவருடைய இனிஷியலோடு போட்டவள் நான். அன்றைக்கு என் அப்பா இனிஷியலைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.